சாம்பார் ஏற்றினால் உதறும் வண்டி

பழங்காநத்தத்துக்கு வந்து ராஜபாண்டி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். சாம்பார் பாண்டி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பேர் ஒன்றும் சும்மா வந்ததில்லை. சீனியம்மாளின் சமையல்கூடத்தில் காலையில் இறக்கும் சாம்பாரை அண்டாவோடு தன் பழைய பெட்டி வேனில் ஏற்றி, மேலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவார். பதினாலு வருஷமாக இதுதான் வேலை. பதினாலு வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

அண்டா வாயில் வாழை இலையை விரித்து, மூடியைப் போட்டு, ஈரத் துணியால் இறுக்கிக் கட்டுவதெல்லாம் ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். ராஜபாண்டியின் சூட்சுமம் அவருடைய வலது காலில் இருந்தது. ஊர் நெரிசலைத் தாண்டியதும் வேகம் நாற்பது. நாற்பது என்றால் நாற்பதுதான், அதில் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. நாலுவழிச் சாலையில் பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், தாண்டும்போது எட்டிப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவான். ராஜபாண்டி அசர மாட்டார். "வஞ்சிட்டுப் போகட்டும். அவன் ஏத்திட்டுப் போறது கல்லு, நான் ஏத்திட்டுப் போறது சாம்பாரு" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத்தான் இந்த ஆடி பிறந்ததும் கெரகம் பிடித்தது. ஒத்தக்கடை தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி திடீரென்று ஓர் உதறு உதறியது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பினால் தோள் ஒரு தரம் துள்ளுமே, அந்த மாதிரி. மறுநாள் இரண்டு தரம். மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை உதறிய உதறலில் மூடி நழுவி, துணி அவிழ்ந்து, சாம்பார் பின்கதவு வழியாக வழிந்தது. மில் வாசலில் வண்டி நின்றபோது நாய்கள் இரண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தன. அன்றைக்கு மில்லில் பாதிப் பேர் ரசத்தோடு எழுந்து போனார்கள்.

சீனியம்மாள் நல்ல மனுஷி, ஆனால் சாம்பார் விஷயத்தில் அல்ல. "நாலு நாளைக்கு வாடகை வண்டியில அனுப்பிக்கிறேன். திங்கக்கெழமைக்குள்ள வண்டியா காலான்னு பாத்துச் சரிபண்ணிட்டு வா. இல்லாட்டி வேற ஆளு வச்சுக்கிருவேன். கோவிச்சுக்கிறாத பாண்டி" என்று சொல்லிவிட்டாள்.

வண்டியா, காலா. அந்தக் கேள்வி சீனியம்மாளின் வாயில் சும்மா முளைக்கவில்லை. ராஜபாண்டிக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. சித்திரையில் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, வலது பாதத்தில் பத்து இடத்தில் ஒரு நைலான் இழையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எட்டு இடத்தில் "தெரியுது" என்றார் ராஜபாண்டி. மற்ற இரண்டில் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் தொட்டதே அவருக்குத் தெரியாது. செருப்பில்லாமல் நடக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றதோடு டாக்டர் முடித்துக்கொண்டார். கூட வந்திருந்த மனைவி மலையம்மாள் முடித்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு இடத்தை அவள் மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள்.

சாம்பார் கொட்டிய அன்று சாயங்காலம் மருமகன் விக்ரம் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். வந்து இறங்கியவன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "மாமா, வண்டி ஜம்முன்னு ஓடுது. ஒரு கொறையும் இல்ல" என்றான்.

"கேட்டுக்கங்க" என்றாள் மலையம்மாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டி மேல பழி போட்டது போதும். இனிமே அந்தச் சீட்டுல நீங்க உக்காரப்படாது." சாவியை மருமகனிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சாவி இல்லை.

ராஜபாண்டி வீடு பூராவும் தேடினார். அரிசிப் பானையில் கையை விட்டுத் துழாவினார், பருப்பு டின்னைக் கவிழ்த்தார், சாமி மாடத்தில் விபூதித் தட்டைத் தூக்கிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வண்டியை எடுத்திருப்பாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. மனைவி சொன்ன பழமொழிகூட அவரைச் சுடவில்லை. அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லத் தன்னால் முடியவில்லையே, அதுதான் சுட்டது. நிஜமாகவே கால்தான் என்றால்? முன்னால் போகிற ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால்? அப்படியென்றால் சாவியை அவரே தூக்கி வைகையில் போட வேண்டியதுதான். ஆனால் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் சீட்டை விட்டு இறங்க மனசு ஒப்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் சமையல்கூடத்துக்குப் போனார். காய்கறி நிறுக்கும் மின் தராசு ஒன்று அங்கே உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தராசின் மேல் வலது காலை வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற பதத்தில் அழுத்தினார். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது. முந்நூற்று அறுபது. முந்நூற்று முப்பது. அடக் கடவுளே, ஆடுகிறதே! சரி, இடது காலையும் பார்ப்போம் என்று மாற்றி வைத்தார். அதுவும் அதே கணக்கில் ஆடியது. நல்ல கால் எம்புட்டு ஆடும், கெட்ட கால் எம்புட்டு ஆடும் என்று யாருக்குத் தெரியும்? முப்பது கிராம் ஆடுகிற காலை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா, கூடாதா? அந்த யோசனையில் இருந்தபோதுதான் சீனியம்மாள் உள்ளே வந்தாள்.

"அடப்பாவி மனுசா! தராசுல காலை வைக்கிறியே, அதுல லச்சுமி இருக்கா!"

ராஜபாண்டி துள்ளி எழுந்து, தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டால் ஒன்றுக்கு மூன்று தரம் துடைத்துக் கொடுத்தார். அவள் வசவு தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது. ஆனால் நடக்கும்போது அவர் மனசு வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வண்டி எப்போதெல்லாம் உதறியது? மேலூர் போகும்போது உதறியது. திரும்பி வரும்போது? ஒரு நாள்கூட இல்லை. அதே ரோடு, அதே வண்டி, அதே கால். வரும்போது அண்டா காலி, அது ஒன்றுதான் வித்தியாசம். நின்று யோசித்தார், மறுபடி நடந்தார், மறுபடி நின்றார். கால் நேராக ஆலனின் ஷெட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது.

ஆலன் பத்து வருஷமாக அந்த வேனுக்கு மெக்கானிக். உதறல் தொடங்கியதிலிருந்து பிளக் மாற்றியிருந்தான், ஃபில்டர் மாற்றியிருந்தான், பெட்ரோல் பம்பை இறக்கி ஏற்றியிருந்தான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்ததில் அது ஒரு கோளாறும் காட்டவில்லை.

"தம்பி, சிரிக்காமக் கேளு" என்றார் ராஜபாண்டி. "சாம்பாரை ஏத்துனா வண்டி உதறுது. எறக்குனா சரியாயிருது."

ஆலன் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னண்ணே, வண்டிக்குப் பருப்பு ஒத்துக்கலையா?" என்றான். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. "சாம்பார் இருந்தா எப்படி ஓட்டுவீக?"

"நாப்பது. கால் அசையாது."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி எப்படியோ. அறுபது, எழுபது. பசிச்சா எண்பது."

"ஒங்க மருமகன்?"

"அவன் எழுபதுக்குக் கொறஞ்சா அதை ஓட்டுறதுன்னே ஒத்துக்கமாட்டான்."

ஆலன் கண்ணை ஷெட்டின் கூரையில் வைத்துக்கொண்டு வலது காலால் தரையில் இல்லாத ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்திப் பார்த்தான். "அப்ப பாரம் இல்லண்ணே, ஆக்ஸிலேட்டர் நிக்கிற எடம். வண்டியக் கொண்டாங்க."

வண்டியைக் கொண்டுவர மலையம்மாளையும் கொண்டுவர வேண்டியிருந்தது. சாவியை யார் கையிலும் தரமாட்டேன் என்று அவளே முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். விக்ரம் ஓட்டினான். ஷெட்டில் வண்டி நின்றதும் சாவி அவளிடம் திரும்பிவிட்டது. ஆலன் கேட்டபோது, "எஞ்சினை ஓட்டப்படாது" என்ற நிபந்தனையோடு கொடுத்தாள். "ஓட்ட வேணாம் மதினி, ஆன் பண்ணுனாப் போதும்" என்றான் அவன்.

அந்த வேனில் இடது பக்கச் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். அங்கே காற்று உள்ளே போகிற குழாயின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்று வயரோடு. "இதுதான் த்ராட்டில் சென்சார்" என்றான் ஆலன். "அண்ணன் காலை எம்புட்டு அமுக்குறார்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதோட சோலி. கம்ப்யூட்டருக்குக் கண்ணா இருக்கு? இது சொல்றதத்தான் நம்பும். பழைய ரேடியோவுல வால்யூமைத் திருகுறப்ப ஒரு எடத்துல மட்டும் கரகரங்குமே, அந்த மாதிரி இதுலயும் ஆகும்."

முதலில் நம்பர் காட்டுகிற மீட்டரை மாட்டினான். ராஜபாண்டி ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து மெதுவாக அழுத்தினார். எண்கள் ஏறின, இறங்கின. ஒரு குறையும் தெரியவில்லை. விக்ரம் கொட்டாவி விட்டான். ஆலன் விடவில்லை. "இது நிதானமா யோசிச்சுத்தான் நம்பரைக் காட்டும். அதுக்குள்ள நடந்தது நடந்து முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே அலமாரிக்கு அடியில் குனிந்து, கண்ணாடி விரிந்த பழைய முள் மீட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தான். வயரில் அதை மாட்டி, எல்லாரும் பார்க்கும்படி டேஷ்போர்டில் நிறுத்தி வைத்தான்.

"இப்ப அமுக்குங்கண்ணே. நத்தை மாதிரி."

ராஜபாண்டி அழுத்தினார். முள் மெல்ல மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே வந்த முள் ஓர் இடத்தில் பொத்தென்று கீழே விழுந்து, விழுந்த வேகத்தில் மேலே எழுந்தது.

"பாத்தீகளா! காலு உதறுது!" என்று கத்தினாள் மலையம்மாள். கத்திய மறுவிநாடி அவள் கண் கலங்கிவிட்டது. தான் பயந்தது பொய்யாகிவிடாதா என்று அத்தனை நாளும் அவளும்தானே வேண்டிக்கொண்டிருந்தாள்.

ராஜபாண்டி தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைந்த மாதிரி அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தொட்டதே தெரியாத கால், அசைந்தது மட்டும் தெரியுமா? கதவைத் திறந்து இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

"எங்க போறீக? இன்னும் முடியலண்ணே" என்றான் ஆலன். "மதினி, இப்ப ஆக்ஸிலேட்டர்ல யாரு காலும் இல்ல, பாத்துக்கங்க." எஞ்சின் பக்கம் கையை விட்டு, ஆக்ஸிலேட்டர் கேபிள் வந்து சேருகிற சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினான். முள் ஏறியது. அதே இடம் வந்ததும் பொத்தென்று விழுந்தது. மறுபடி திருப்பினான். மறுபடி விழுந்தது. மயிரிழைகூட மாறவில்லை.

மலையம்மாள் கிட்டே வந்தாள். "நகரு" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, தன் கையாலேயே அந்தச் சக்கரத்தைத் திருப்பினாள். பரோட்டாக் கடைக்கு மாவு பிசைந்து பிசைந்து காய்த்துப்போன கை, சர்க்கரை இல்லாத கை. அவள் கைக்கும் முள் விழுந்தது.

"ஆத்தாடி" என்றாள். "அப்ப என் கையும் உதறுதா?"

"யாரு கையும் உதறல. இந்த எடம் வந்தா மட்டும் சென்சாரு பேச்சை நிப்பாட்டிருது. ஒடனே கம்ப்யூட்டரு, அண்ணன் காலை எடுத்துட்டாருன்னு நெனச்சு பெட்ரோலை நிப்பாட்டும். அடுத்த நொடி கால் வந்துருச்சுன்னு ஊத்தும். அதான் உதறல்." ஆலன் கையைத் துடைத்துக்கொண்டான். "கம்ப்யூட்டரும் ஒங்கள மாதிரிதான் மதினி. வண்டியில எது நடந்தாலும் அண்ணன் காலு மேலதான் பழி."

விக்ரம் சிரித்துவிட்டு, மாமியார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எழுபதுல போறவன் அந்த எடத்தைத் தாண்டிப் போயிட்டே இருப்பான், மாப்ள" என்று ஆலனிடமிருந்து அவனுக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது.

புதுச் சென்சார் சனிக்கிழமை வந்தது. பழையதைக் கழற்றுவதற்குள் ஆலனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டே ஸ்க்ரூ, இருபது வருஷத் துருவில் இரண்டும் ஒட்டிப்போய்க் கிடந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, ஒன்றைக் கெட்ட வார்த்தை சொல்லியே எடுத்தான். புதியதை வைத்து, ஸ்க்ரூவை அரைகுறையாக முடுக்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இப்படியும் அப்படியும் திருப்பி, கால் வைக்காதபோது முள் அரை வோல்ட்டில் நிற்கும்படி சரிபார்த்த பிறகு இறுக்கினான். முள் இப்போது அடியிலிருந்து உச்சி வரைக்கும் எங்கேயும் விழாமல் ஏறியது.

கழற்றிய பழைய பெட்டியைக் குப்பையில் போடப் போனவனை ராஜபாண்டி தடுத்தார். "அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாப்போமே" என்றார். வேலை முடிந்துவிட்டது, வண்டி சரியாகிவிட்டது, ஆனாலும் அவருக்கு ஆவல் அடங்கவில்லை. ஆலன் அதை வைஸ் இடுக்கியில் கவ்வக் கொடுத்து, ரம்பத்தால் ஓரத்தை அறுத்து மூடியைப் பெயர்த்தான்.

உள்ளே வளைவாக ஒரு கறுப்புப் பட்டை, நகக்கண் அகலம். அதன் மேல்தான் ஒரு சிறு கம்பி காலோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வரும் என்றான் ஆலன். பட்டை முழுக்கக் கறுப்பு மாறாமல் இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், அரிசி நொய் அளவுக்கு, கறுப்பு தேய்ந்து போய் அடித்தளம் வெளுத்துத் தெரிந்தது.

ஆலன் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "அண்ணே, எத்தனையோ சென்சாரைத் தொறந்து பாத்துட்டேன். எல்லாம் அங்குட்டும் இங்குட்டும் பரவலாத்தான் தேஞ்சிருக்கும். மனுசக் காலு ஆடும்ல? இது பாருங்க. பதினாலு வருசமா சாம்பார் ஏறுன நேரமெல்லாம் அந்தக் கம்பி இந்த ஒரு எடத்த விட்டு நகரவே இல்ல. நின்ன எடத்துலயே நின்னு தேச்சிருக்கு." அதை மலையம்மாளின் உள்ளங்கையில் வைத்தான். "இது கோளாறு இல்ல மதினி. அண்ணனோட நாப்பது."

மலையம்மாள் அந்த வெள்ளைப் புள்ளியை விரல் நுனியால் தடவினாள். கூடம் கோணல்தான், ஆடியவள் மேல் குற்றமில்லை. "நாந்தேன் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். "சாமி, என்ன பேச்சுப் பேசிட்டேன் ஒங்கள."

ராஜபாண்டிக்குச் சந்தோஷம்தான், ஆனால் அது முழுசாக வரவில்லை. அவர் முள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த மீட்டரைக் கழட்டாத. இப்ப சென்சாரு புதுசு. இதுல முள்ளு ஆடுனா அது என் காலுதான?"

"ஆமாண்ணே."

"அப்ப பாத்துருவோம்."

"என்னத்துக்குங்க? அதான் சரியாப் போச்சே!" என்றாள் மலையம்மாள். குரலில் பதற்றம் இருந்தது. அவர் கேட்கவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார், காலை வைத்தார், நாற்பதுக்கு எம்புட்டு அழுத்துவாரோ அம்புட்டு அழுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார், டாக்டர் மூடச் சொன்ன மாதிரி. "முள்ளை நீ பாரு, மலையம்மா. நிசத்தச் சொல்லணும்."

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. யாரோ ஆலனைத் தேடி வந்து, அங்கிருந்த அமைதியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்கள். மலையம்மாள் கண் இமைக்காமல் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஆடல" என்றாள். "சத்தியமா ஆடலங்க."

ராஜபாண்டி கண்ணைத் திறந்தார். "இன்னிக்கு ஆடல. அந்த ரெண்டு எடம் நாலாகும், நாலு ஆறாகும். என்னிக்காவது ஆடும். டாக்டர்ட்ட ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போறோம்ல, அன்னிக்கே இங்கயும் வாரேன். இதே மாதிரி கண்ணை மூடிக்கிறேன், நீ முள்ளைப் பாரு. ஆடுன அன்னிக்கு நானே எறங்கிர்றேன், நீ சாவிய ஒளிக்க வேண்டியதில்ல."

மலையம்மாள் எட்டி வண்டியிலிருந்து சாவியை உருவி அவர் கையில் வைத்தாள். சாவி பிசுபிசுவென்று ஒட்டியது. அதன் வளையத்து இடுக்கில் வெள்ளையாக ஏதோ நாலைந்து மணி இருந்தது. ஓர் எறும்பும் கூடவே வந்திருந்தது.

"என்னடி இது?"

"சீனி டப்பாவுல போட்டு வச்சிருந்தேன்."

"வீடு பூராத் தேடுனேனே!"

"தேடுவீகன்னு தெரியும்" என்றாள் அவள். "ஆறு வருசமா அந்த டப்பாவ மட்டும் நீங்க தொடமாட்டீகன்னும் தெரியும்."

ராஜபாண்டி எறும்பைத் தட்டிவிட்டு, சாவியை வேட்டியில் துடைத்தார். "விரலை நக்கிராதீக" என்றாள் மலையம்மாள். அவர் நக்கவில்லை.